விலை வேறு, மதிப்பு வேறு: ஜாலான் புசார் திடல் சொல்லும் வரலாறு



பால்மரம் சீவும் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தியிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குவோம். காலையில் சீவிய பாலை வாளியில் சுமந்துகொண்டு நிறுக்கும் இடத்திற்கு வருகிறோம். அங்கே கிராணி வாளியை நிறுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. கொஞ்சம் பாலை எடுத்து, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது, எவ்வளவு நீர் இருக்கிறது என்றும் சோதிக்கிறார். நூறு பங்கு பாலில் முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர். மீதியெல்லாம் பெரும்பாலும் நீர். இரண்டு வாளிகளும் ஒரே எடையாக இருக்கலாம். ஆனால் ஒன்றில் ரப்பர் அதிகம், மற்றொன்றில் நீர் அதிகம். வாளியின் கனத்தை மட்டும் பார்த்து விலை பேசுபவர் ஏமாந்து போவார். உள்ளே இருக்கும் சரக்கை அளக்கத் தெரிந்தவர் இலாபம் அடைவார்.

இந்த உண்மை ரப்பர்ப் பாலுக்கு மட்டும் உரியதன்று. மனிதர்களுக்கு விலை பேசும் ஒவ்வோர் இடத்திலும் இது உண்டு. விளையாட்டு உலகம் அப்படிப்பட்ட இடங்களுள் ஒன்று. ஆட்டப் பருவம் முடிந்து, திடலில் புல் வளர்ந்து, பார்வையாளர் மேடை வெறிச்சோடிக் கிடக்கும் மாதங்களில்தான் அணிகள் தங்களுக்கு வேண்டிய ஆட்டக்காரர்களைத் தேடுகின்றன. பணமுள்ள அணி புகழ்பெற்றவரை வாங்குகிறது. பணமில்லாத அணி என்ன செய்வது? மற்றவர்கள் தவறாக எடை போட்டு ஒதுக்கிவிட்ட நல்ல ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பதுதான் அதற்கு உள்ள ஒரே வழி. அவ்வாறு தேடிப் பிடித்தவர்களின் வரலாற்றை, சிங்கப்பூரின் ஜாலான் புசார் திடலில் நின்றுகொண்டு இன்று காண்போம்.

ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை என்று பொருள். நம்மவர்கள் கடை கண்ணிக்கும் கோயிலுக்கும் செல்லும் சிராங்கூன் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேயுள்ள விளையாட்டரங்கம் 1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக, 1921இல், 'மலாயா' என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த கிண்ணத்திற்காக மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியிருந்தது. அந்த முதல் ஆண்டிலேயே சிங்கப்பூர் கிண்ணத்தை வென்றது. பின்னர் மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்ற அந்தப் போட்டியின் எத்தனையோ ஆட்டங்களை ஜாலான் புசார் திடல் கண்டது. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழுந்த பிறகு பெரிய ஆட்டங்கள் அங்கே போய்விட்டன. எனினும் சிங்கப்பூர்க் காற்பந்து தவழ்ந்து நடை பழகிய இடம் எது என்று கேட்டால், பெரியவர்கள் இன்றும் ஜாலான் புசாரைத்தான் காட்டுவார்கள்.

அந்த நாள்களில் ஆட்டக்காரருக்கு விலை என்று ஒன்று இருந்ததில்லை. பகலில் அலுவலகத்திலோ பட்டறையிலோ துறைமுகத்திலோ வேலை, மாலையில் பயிற்சி. அவரவர் பிறந்து வளர்ந்த மாநிலத்துக்காக ஆடினார்கள். சிங்கப்பூர்க்காரர் சிங்கப்பூருக்கு, பினாங்குக்காரர் பினாங்குக்கு. 1977ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் பினாங்கை 3க்கு 2 என்ற கணக்கில் சிங்கப்பூர் வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. குவா கிம் சோங் இரண்டு கோல் போட்டார். அணியின் தலைவராக நின்று தற்காப்பைக் கட்டிக் காத்தவர் சமது அல்லாப்பிச்சை. பயிற்றுநர் சூ செங் குவீ. அவரை எல்லாரும் 'அங்கிள் சூ' என்றே அழைத்தார்கள். உடலுறுதியிலும் ஒழுங்கிலும் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். கையிருப்பில் உள்ளவர்களைக் கொண்டே வெல்ல வேண்டிய காலம் அது. குறையிருந்தால் பயிற்சியால் திருத்த வேண்டும். பணம் கொடுத்து வெளியிலிருந்து நிரப்ப முடியாது.

1980களில் காலம் மாறியது. கோலாலம்பூர் அணி சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது, மாலிக் அவாப், கே. கண்ணன் ஆகியோரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ணம் கோலாலம்பூருக்கே சென்றது. சொந்த மண்ணின் பிள்ளைகளைக் கொண்டு மட்டும் ஆடிய காலம் அத்தோடு முடிந்தது. 1989இல் மலேசிய லீக் பாதித் தொழில்முறைப் போட்டியாக மாறியது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் வந்தது, ஒப்பந்தம் வந்தது, அதோடு விலையும் வந்தது. விலை என்று ஒன்று வந்துவிட்டால், தவறான விலை என்பதும் கூடவே வரத்தான் செய்யும்.

விலை எப்படித் தவறாகப் போகிறது என்பதை இங்கே சற்று ஆராய்வோம். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கண்ணுக்குப் பட்டென்று தெரிவதையே முதலில் பார்க்கிறார்கள். ஆள் உயரமா, குள்ளமா? வயது என்ன? சென்ற பருவத்தில் எத்தனை கோல் போட்டார்? பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறதா? காலில் காயம் பட்டவரா? இவையெல்லாம் வாளியின் எடையைப் போன்றவை. பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார், களைத்துப்போன கடைசிப் பத்து நிமிடத்தில் எப்படி ஓடுகிறார், பக்கத்தில் ஆடுபவரை எவ்வளவு எளிதாக ஆட வைக்கிறார் என்பவை வாளிக்குள் இருக்கும் ரப்பரைப் போன்றவை. அவற்றை அளப்பதற்குப் பொறுமை வேண்டும். சரியான அளவுகோலும் வேண்டும்.

இந்த அளவுகோல் பற்றிய பாடத்தை உலகத்துக்கு உரக்கச் சொன்னது அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம். அது நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஒருவர் பந்தை எறிகிறார். மற்றொருவர் தடியால் அடிக்கிறார். அடித்தவர் ஒவ்வொரு தளமாக ஓடி, நான்காவதாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். எறிபவர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் எறிந்துவிட்டால், அடிப்பவர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஆகவே கெட்ட பந்தைத் தொடாமல் பொறுமையாக விட்டுவிடுவதும் அந்த ஆட்டத்தில் ஒரு திறமை. ஆனால் கூட்டம் கைதட்டுவது பந்தை ஓங்கி அடிப்பவருக்குத்தானே? பொறுமையாக நின்று நடந்து போனவரை யார் பாராட்டுவார்கள்?

பாராட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் பில் ஜேம்ஸ். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், அவரையைப் பன்றியிறைச்சியோடு டின்னில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். பேஸ்பால் ஆட்டங்களின் கணக்குகளை ஆராய்ந்து, 1977ஆம் ஆண்டிலிருந்து தம் செலவிலேயே புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். எந்தத் திறமை உண்மையிலேயே ஓட்டங்களைக் கொண்டுவருகிறது, எது வெறும் பார்வைக்கு அழகு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பெரிய அணிகளின் நிர்வாகிகள் பல ஆண்டுகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காவலாளிக்குப் பேஸ்பால் பற்றி என்ன தெரியும் என்பது அவர்கள் எண்ணம். ஆட்டக்காரரைத் தவறாக எடை போட்டவர்கள், அளவுகோல் தந்தவரையும் தவறாகவே எடை போட்டார்கள்.

அந்த அளவுகோலைத் துணிந்து எடுத்துக்கொண்ட அணிகளுள் புகழ்பெற்றது கலிபோர்னியாவின் ஓக்லாந்து. அதன் மேலாளர் பில்லி பீன். 2001ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் ஓக்லாந்தின் மூன்று முக்கிய ஆட்டக்காரர்களான ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹாசன் ஆகியோரை மற்ற அணிகள் பெரும் சம்பளத்துக்குக் கொண்டுபோய்விட்டன. 2002இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் சம்பளப் பட்டியல் 12 கோடி டாலருக்கு மேல். ஓக்லாந்தின் பட்டியலோ ஏறத்தாழ 4 கோடி. மூன்றில் ஒரு பங்கு பணத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போட்டியிடுவது?

பீன் மற்றவர்கள் ஒதுக்கிய வரிசையில் தேடினார். ஸ்காட் ஹாட்டபெர்க் என்பவர் பந்து பிடிப்பவராக இருந்தவர். முழங்கையில் நரம்பு பாதிக்கப்பட்டு, முன்போல் பந்தை எறிய முடியாமல் போனவர். பழைய அணி கைவிட்டது. ஆனால் அவர் கெட்ட பந்தைத் தொடாத பொறுமைசாலி. ஓக்லாந்து அவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து, அதிகம் எறியத் தேவையில்லாத முதல் தளத்தில் நிறுத்தி, அந்த ஓய்வு மாதங்களிலேயே புது வேலையைக் கற்றுக்கொடுத்தது. ஏற்கெனவே அந்த அணியில் இருந்த சாட் பிராட்ஃபோர்டு, தரையை உரசுவதுபோலக் கீழிருந்து பந்து எறிபவர். பந்தில் வேகம் இல்லை. எறியும் முறையும் வேடிக்கை. முந்தைய அணி அவரைப் பெரும்பாலும் சிறிய லீக்கிலேயே வைத்திருந்தது. ஓக்லாந்து பார்த்தது ஒன்றைத்தான்: அடிப்பவர்கள் அவரிடம் திணறுகிறார்களா, இல்லையா?

2002ஆம் ஆண்டு ஓக்லாந்து 103 ஆட்டங்களில் வென்றது. யாங்கீஸ் வென்றதும் அதே 103. இடையில் தொடர்ந்து 20 வெற்றிகள். இருபதாவது ஆட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். பதினொரு ஓட்டம் முன்னிலையில் இருந்து, எதிரணி சமன் செய்துவிட்ட நிலையில், ஓங்கி ஓர் அடி அடித்து வெற்றியைத் தந்தவர் அந்தக் கை பழுதான ஹாட்டபெர்க்.

ஆனால் அந்த ஆண்டின் இறுதிச் சுற்றுகளில் ஓக்லாந்து முதல் தடையிலேயே தோற்று வெளியேறியது. நல்ல கணக்கு நீண்ட பருவத்தில் பலன் தரும். ஐந்து ஆட்டத் தொடரில் அதிர்ஷ்டமும் பங்கு கேட்கும். இதையும் நாம் மறந்துவிடலாகாது.

இப்போது ஜாலான் புசாருக்குத் திரும்புவோம். 1994இல் மலேசிய லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற சிங்கப்பூர், அதற்குப் பின் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, 1996இல் சொந்தமாக எஸ் லீக் என்ற தொழில்முறைப் போட்டியைத் தொடங்கியது. அந்த லீக்கின் கழகங்களுக்கு வசதி குறைவு. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் வெளிநாட்டிலிருந்து யாரை எடுப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

அவ்வாறு 1999இல் வந்தவர் அலெக்ஸாண்டர் டூரிச். பிறந்தது போஸ்னியாவில். 1992 ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காகப் படகோட்டியவர். போரினால் நாட்டை விட்டு வந்து, ஆஸ்திரேலியாவில் கழகம் மாறிக் கழகமாக ஆடியவர். சிங்கப்பூருக்கு வந்தபோது வயது இருபத்தெட்டு. முன்னணி ஆட்டக்காரரின் நல்ல காலம் முடியும் வேளை என்று பலர் கருதும் வயது. நடந்தது என்ன? அவர் 2014 வரை, தம் 44ஆம் வயது வரை ஆடினார். எஸ் லீக்கில் 300க்கு மேற்பட்ட கோல்கள் போட்டார். 2007இல் சிங்கப்பூர்க் குடிமகனாகி, அந்த ஆண்டு தேசிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார். வயதை மட்டும் அளந்தவர்கள், அவர் தம் உடலைப் பேணிய ஒழுக்கத்தை அளக்கத் தவறினார்கள்.

2012ஆம் ஆண்டு ஆசியான் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அணியில், நாற்பத்திரண்டு வயதில் டூரிச் இருந்தார். அந்த இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்த இடம் எது தெரியுமா? பழைய தேசிய அரங்கம் இடிக்கப்பட்டு, புதிய அரங்கம் கட்டி முடியாதிருந்த காலம் அது. ஆகவே தாய்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டம் ஜாலான் புசாரில் நடந்தது. சிங்கப்பூர் 3க்கு 1 என வென்றது. பாங்காக்கில் நடந்த மறு ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றாலும், மொத்தக் கணக்கில் கிண்ணம் சிங்கப்பூருக்கே வந்தது.

அதே 2012இல் சிங்கப்பூர் மீண்டும் மலேசிய லீக்கில் ஓர் அணியை இறக்கியிருந்தது. 'லயன்ஸ் டுவெல்வ்' என்பது அதன் பெயர். சொந்தத் திடல் ஜாலான் புசார். பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி. நம் தமிழ் ரசிகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நெளிந்து செல்லும் ஆட்டத்தால் 1980களிலும் 1990களிலும் அரங்கங்களை அதிரவைத்தவர். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்திலும் சிறிது காலம் ஆடியவர்.

அவருடைய அணி உள்ளூர் வீரர்களைக் கொண்டது, இளைஞர்கள் நிறைந்தது. முதல் ஆண்டில் லீக்கில் இரண்டாம் இடம். பருவம் முடிந்ததும், ஓக்லாந்துக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. அணித்தலைவர் ஷாரில் இஷாக்கையும் தற்காப்புத் தூணான பைஹாக்கி கைசானையும் பாலத்துக்கு அப்பால் இருந்த ஜொகூர் அணி எடுத்துக்கொண்டது. ஷாரில் அந்த டிசம்பரில்தான் ஆசியான் கிண்ணத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஜொகூர் அதோடு நிற்கவில்லை. ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் அணியில் இருந்த டானி கூய்சாவையும், இத்தாலியின் முன்னணி லீக்கில் ஆடிய சிமோனே டெல் நேரோவையும் வரவழைத்தது. மலேசியாவில் அதுவரை காணாத பெயர்ப் பட்டியல் அது.

சுந்தரமூர்த்தியின் கையில் எஞ்சியவர்கள் யார்? இருபத்திரண்டு வயது ஹாரிஸ் ஹாருன். இருபத்தொரு வயது சஃபுவான் பஹாருடின். தற்காப்பில் நிற்பார், முன்னே ஓடி வந்து கோலும் போடுவார். கோல்காவலர் இஸ்வான் மஹ்பூட். தற்காப்பில் நம் மது மோகனா. சந்தை இவர்களுக்கு அப்போது பெரிய விலை வைத்திருக்கவில்லை. ஆனால் ஓராண்டு முழுதும் மலேசிய லீக்கின் கடுமையில் ஒன்றாக ஆடிப் பழகியிருந்தார்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்பது மற்றவருக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தை எந்தப் பருவ இடைவேளையிலும் கடையில் வாங்க முடியாது.

2013 ஜூலை 2ஆம் நாள் ஜாலான் புசாரில் எதிரணியாக வந்தது ஃபெல்டா யுனைடெட். ஃபெல்டா என்றால் தோட்டத்து மக்களுக்குத் தெரியும்: 1956இல் அமைந்த மத்திய நிலக் குடியேற்ற வாரியம், செம்பனையும் ரப்பரும் நட்டுக் குடும்பங்களைக் குடியேற்றிய அமைப்பு. அதன் அணியை 4க்கு 0 என்று வென்று, லயன்ஸ் டுவெல்வ் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. ஆறாயிரம் பேர் அமரக்கூடிய அந்தச் சிறிய அரங்கில், பெரும்பணம் செலவிட்ட அணிகளுக்கு எட்டாத பட்டத்தை இளைஞர்கள் தூக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்த தி. நடராஜன் இடது கையால் வேகப்பந்து வீசுபவர். 2017இல் இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆட்டங்கள் சரியாக அமையவில்லை. அடுத்த ஆண்டு ஏலத்தில் ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்கே அவரைப் பெற்றது. ஒரே ஆண்டில் விலை ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழாகச் சரிந்தது. அவருடைய கை அதே கைதான். 2020இல் ஐதராபாத்துக்காகக் கால்நுனியில் விழும் பந்துகளைப் பிசகாமல் வீசினார். பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று இந்திய அணியோடு ஆஸ்திரேலியா சென்றவர், அந்தப் பயணத்திலேயே ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் மூன்றிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார்.

நேயர்களே, இதுவரை சொன்னது அணிகளின் பக்கம். இனி ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். குறைந்த விலைக்கு நல்ல ஆளைப் பிடித்தோம் என்று அணி மகிழ்கிறது. அந்த ஆளின் வீட்டில் அதற்கு என்ன பொருள்? உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்கவில்லை என்பதுதானே பொருள்? அணியின் இலாபம் அவருடைய நட்டம். அந்த நட்டம் தற்காலிகமானதா, நிரந்தரமானதா என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது. தம் மதிப்பு தெரிந்த பிறகு அவர் வேறிடம் செல்லும் உரிமை பெற்றவரா?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்ததை முன்னோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். கடனை அடைத்தால் இவரை விடுவிப்பேன் என்று அந்தத் துண்டு சொல்லும். கடனும் துண்டும் தொழிலாளியைத் துரத்திக்கொண்டே போகும். 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது.

செல்வம் கொழிக்கும் அமெரிக்கப் பேஸ்பாலிலும் ஏறத்தாழ அதே விலங்கு 1975 வரை இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர்; அணி விரும்பினால் அவரை வேறோர் அணிக்கு மாற்றிவிடலாம்; அவராகப் போக முடியாது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. ஆனால் அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. சங்கமாகத் திரண்ட ஆட்டக்காரர்களின் முயற்சியால் 1975 டிசம்பரில் நடுவர் ஒருவர், ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திர மனிதர் என்று தீர்ப்பளித்தார். ஐரோப்பியக் காற்பந்தில் அதே உரிமை, 1995இல் போஸ்மன் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் கிடைத்தது. இந்த உரிமைகள் வந்த பிறகுதான், இன்று குறைந்த விலைக்குப் போனவர் நாளை தம் உண்மை மதிப்பைக் கேட்டுப் பெற முடிந்தது.

வரலாறு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. ஏழை அணி கண்டுபிடித்த அளவுகோலைப் பணக்கார அணி எளிதில் கற்றுக்கொள்ளும். பாஸ்டன் அணி அந்த இரவுக் காவலாளி பில் ஜேம்சையே ஆலோசகராக அமர்த்தியது. 1918க்குப் பிறகு காணாத உலகப் பட்டத்தை 2004இல் வென்றது. ஜாலான் புசார் அணியின் ஹாரிஸ் ஹாருனை 2014இல் ஜொகூர் அணி எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு லீக் பட்டம் ஜொகூருக்குப் போனது. அந்த ஆண்டையும் சேர்த்துப் பத்து முறைக்கு மேல் தொடர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. லயன்ஸ் டுவெல்வ் அணியோ 2015இல் மலேசிய எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது, மலேசியக் காற்பந்துச் சங்கம் உடன்பாட்டை நீட்டிக்காததால் அந்த ஆண்டோடு கலைந்தது. ஆகவே ஒரு முறை சரியாக அளந்துவிட்டால் என்றென்றும் வெற்றிதான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மற்றவர்கள் கற்றுக்கொள்ளும் வேகத்தைவிட நாம் கற்றுக்கொள்ளும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும்.

இந்த வரலாற்றினால் தோட்டத்துக் குடும்பங்களுக்கு என்ன பயன்? பயன் உண்டு. நம் பிள்ளைகளையும் உலகம் எடை போடுகிறது. எந்தத் தோட்டத்துப் பிள்ளை, எந்தப் பள்ளியில் படித்தவன், அப்பாவுக்கு என்ன வேலை, பேச்சில் கூச்சம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒரு விலை வைக்கிறது. அந்த விலை வைத்தவரின் கருத்து. பிள்ளையின் மதிப்பு ஆகாது. ஆனால் அதை வாயால் மறுத்துப் பயனில்லை. ஹாட்டபெர்க் பழுதான கையை வைத்துக்கொண்டு புது இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டார். டூரிச் நாற்பது வயதிலும் உடலைப் பேணினார். நடராஜன் விலை சரிந்த பிறகும் பந்தை நேராக வீசிக்கொண்டிருந்தார். உள்ளே ரப்பர் இருந்தால்தானே அளவுகோல் அதைக் காட்டும்?

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கையெழுத்துப் போடும் எந்த ஒப்பந்தமானாலும், அது விளையாட்டானாலும் வேலையானாலும், எத்தனை ஆண்டு கட்டுப்படுத்துகிறது, விலகும் உரிமை எப்போது வருகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சம்பளம் குறைவாக இருக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் போகும் வழியை அடைக்கும் துண்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அதை ஒழிக்க நம் முன்னோரும் பாடுபட்டார்கள். உலகத்தின் மறுகோடியில் கர்ட் ஃபிளட் என்பவரும் தம் வாழ்வையே கொடுத்தார்.

ஜாலான் புசார் வழியாகப் போக நேர்ந்தால், அந்தச் சிறிய அரங்கத்தை ஒரு முறை நின்று பாருங்கள். பெரிய விலை பெறாத பலர் பெரிய ஆட்டம் ஆடிய இடம் அது.